விரிசலைப் பூசுவதற்கு முன்: கரிசல் நில வீடுகளில் அடித்தளக் கோளாற்றின் முதல் அறிகுறிகள்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், அருப்புக்கோட்டை, சாத்தூர் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள வட்டாரத்திலும், கோயம்புத்தூர் மாவட்டத்தின் பல பகுதிகளிலும், பெரம்பலூர்ப் பக்கத்துப் பருத்தி, மக்காச்சோளக் காடுகளிலும் வீடு கட்டுவோர், கரிசல் மண்மீது நிற்கும் சுவர் என்றாவது ஒரு நாள் விரிசல் காட்டும் என்பதை அறிந்தே கட்டுகிறார்கள். விரிசலைக் கண்டதும் பட்டி பார்த்து வண்ணம் அடித்து மறைத்துவிடுவது பெரும்பாலான வீடுகளில் வழக்கம். அடுத்த கோடையில் அதே இடம் மீண்டும் திறந்துகொள்ளும்போது, கொத்தனார் போட்ட கலவை சரியில்லை என்று முடிவு செய்து மறுபடியும் பூசுகிறார்கள். இந்தப் பூச்சும் மறுபூச்சும் பணத்தை வீணாக்குவது ஒருபுறமிருக்க, மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு வீடு தந்துகொண்டிருக்கும் சான்றை அவை அழித்துவிடுகின்றன என்பதே பெரிய இழப்பு. விரிசலின் திசை, அகலம், வளர்ச்சி, அது திறக்கும் பருவம் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த வீட்டுக்காரர், சில ஆயிரம் ரூபாயில் முடியும் வேலையைச் சில லட்சம் ரூபாய் வேலையாக வளரவிடமாட்டார்.

கரிசல் மண்ணின் இயல்பு

கரிசல் மண்ணின் களிப்பகுதியில் மாண்ட்மோரில்லோனைட் என்னும் கனிமம் மிகுந்திருக்கிறது. அடுக்கி வைத்த அப்பளங்களைப் போல மிக மெல்லிய தகடுகளால் ஆன இக்கனிமத்தில், நீர் தகடுகளின் இடைவெளிக்குள் புகும்போது அவை விலகி மண் உப்புகிறது. நீர் வற்றும்போது அவை நெருங்கி மண் சுருங்குகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் ஏற்றுக்கொண்ட ஈரத்தை அடுத்துவரும் நீண்ட வறட்சியில் இம்மண் இழந்துவிடுவதால்தான், கோடையில் கரிசல் காடுகளில் கை நுழையும் அளவுக்கு வெடிப்புகள் விழுகின்றன. அவற்றுள் சில ஒரு மீட்டருக்கும் கீழே இறங்குகின்றன. காட்டில் கண்ணுக்குத் தெரியும் இந்த அசைவு, வீட்டுச் சுவருக்கு அடியிலும் ஆண்டுதோறும் நடக்கிறது.

உப்பும் மண் மேல்நோக்கிக் கொடுக்கும் விசையை வீக்க அழுத்தம் என்பர். கரிசல் மண்ணில் அது சதுர மீட்டருக்கு 10 டன்னையும் தாண்டக்கூடும். தரைத்தளம் மட்டும் கொண்ட ஒரு வீட்டின் சுவர் மண்ணின்மீது ஏற்றும் பாரமோ பல சமயங்களில் அதைவிடக் குறைவு. ஆகவே பாரத்தால் மண்ணை அழுத்திப் பிடித்துக்கொள்ளும் அடுக்குமாடிக் கட்டடத்தைவிட ஒற்றைத்தள வீடும், அதைவிட இலேசான மதில்சுவரும் முதலில் பாதிப்படைகின்றன. சிறிய வீட்டுக்கு ஆழமான கடைக்கால் எதற்கு என்று கருதி வானத்தைக் குறைத்துத் தோண்டுவது, கரிசல் நிலத்தில் நேர்மாறான பலனைத் தருவதற்கு இதுவே காரணம்.

வீட்டின் ஓரமும் நடுப்பகுதியும் ஒரே அளவில் அசைவதில்லை என்பதையும் இங்கே கருத வேண்டும். வெயிலுக்கும் மழைக்கும் நேராக ஆட்படும் வெளிச்சுவருக்கு அடியிலுள்ள மண் கோடையில் முதலில் காய்ந்து இறங்குகிறது, மழையில் முதலில் நனைந்து எழுகிறது. தரைத்தளத்தால் மூடப்பட்ட நடுப்பகுதி மண்ணோ, ஆவியாகி வெளியேற வழியில்லாததால், ஆண்டுக்கணக்கில் ஈரத்தைச் சேர்த்துக்கொண்டு மெல்ல மேலெழுகிறது. ஒரே வீட்டில் வெளிமூலை இறங்கியிருப்பதும் கூடத்துத் தரை நடுவில் மேடிட்டிருப்பதும் இவ்வாறுதான் நிகழ்கின்றன.

இறக்கம் எப்போது ஆபத்தாகிறது

மண்ணின்மீது கட்டப்படும் எந்தக் கட்டடமும் ஓரளவு கீழிறங்கும்; அதுவே கோளாறு ஆகிவிடாது. கட்டடம் முழுவதும் ஒரே அளவில் இறங்குவது சீரான இறக்கம். ஒரு பகுதி மற்றொன்றைவிட அதிகமாக இறங்குவது வேறுபாட்டு இறக்கம். மெக்சிகோ நகரின் மென்மையான ஏரிப்படுகைக் களிமண்ணில் 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட நுண்கலை அரண்மனை, 3 மீட்டருக்கும் மேல் மண்ணுக்குள் இறங்கிய பின்னும் இன்றுவரை பயன்பாட்டில் இருக்கிறது என்பது, சீரான இறக்கத்தைக் கட்டடங்கள் எவ்வளவு தாங்கிக்கொள்கின்றன என்பதற்குச் சான்று. வேறுபாட்டு இறக்கத்துக்கு அத்தகைய பொறுமை இல்லை. 98 கட்டடங்களின் தரவுகளை ஆராய்ந்து ஸ்கெம்ப்டன், மெக்டொனால்டு என்னும் பொறியாளர்கள் 1956-இல் வெளியிட்ட ஆய்வு, இரு புள்ளிகளின் இறக்க வேறுபாடு அவற்றுக்கிடையிலான தூரத்தில் 300-இல் ஒரு பங்கை எட்டும்போது சுவர்களில் விரிசல் தோன்றத் தொடங்குகிறது என்றும், 150-இல் ஒரு பங்கை எட்டும்போது கட்டமைப்பே சேதமடையக்கூடும் என்றும் காட்டியது. 3 மீட்டர் இடைவெளியில் உள்ள இரு தூண்களுள் ஒன்று மற்றதைவிட 10 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினாலே முதல் வரம்பு வந்துவிடுகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால், சிறிய அறிகுறிகளை அலட்சியம் செய்யக் கூடாது என்பது விளங்கும்.

சுவரில் காண வேண்டியவை

அடித்தள அசைவின் முதன்மையான அடையாளம், ஜன்னல் அல்லது கதவின் மூலையிலிருந்து கிளம்பிச் சாய்வாக ஓடும் விரிசலாகும். சுவரில் திறப்பு உள்ள இடமே அதன் வலுக்குறைந்த இடம் என்பதால், இழுவிசை அங்கிருந்துதான் வழி தேடுகிறது. பூச்சு இல்லாத செங்கல் சுவரில் இதே விரிசல், கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சாந்தின் வழியே படிக்கட்டு வடிவில் ஏறும். சாய்ந்த விரிசலின் மேல்முனை எந்தப் பக்கம் நோக்கி ஏறுகிறதோ, பெரும்பாலும் அந்தப் பக்கமே இறங்கியிருக்கும். விரிசலுக்குக் கீழே உள்ள சுவர்ப்பகுதி தன் அடித்தளத்தோடு இறங்கி, மேற்பகுதியிலிருந்து பிரிந்துவிடுவதே இதற்குக் காரணம்.

விரிசலின் அகலம் மேலும் கீழும் ஒன்றாக இருக்கிறதா என்பதும் முக்கியமான சான்று. மேலே அகன்று கீழே ஒடுங்கும் விரிசல், சுவரின் முனைகள் இறங்கியிருப்பதையோ நடுப்பகுதி எழும்பியிருப்பதையோ காட்டுகிறது. கீழே அகன்று மேலே ஒடுங்குவது, நடுப்பகுதி இறங்கியதையோ முனைகள் எழும்பியதையோ காட்டுகிறது. கரிசல் நிலத்தில் மேலே அகன்ற விரிசல் சித்திரை, வைகாசியில் திறந்து, கார்த்திகையில் மூடிக்கொள்ளுமாயின், வெளிச்சுவருக்கு அடியிலுள்ள மண் பருவத்துக்கேற்பச் சுருங்கி விரிகிறது என்று ஏறத்தாழ உறுதியாகக் கொள்ளலாம். ஒரே விரிசல் சுவரின் இருபுறமும், அதாவது அறைக்குள்ளும் வெளியிலும் ஒரே இடத்தில் தெரிந்தால், அது பூச்சோடு நில்லாமல் செங்கல் கட்டுமானத்தையே ஊடுருவியிருக்கிறது.

அகலத்தை மதிப்பிடப் பிரிட்டனின் கட்டட ஆய்வு நிறுவனம் வகுத்த வரிசை உலகெங்கும் வழிகாட்டியாகக் கொள்ளப்படுகிறது. 0.1 மில்லிமீட்டர் வரையிலானவை மயிரிழை விரிசல்கள், இவற்றைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. 5 மில்லிமீட்டர் வரை பெரும்பாலும் தோற்றக் குறைபாடாகவே கருதப்படும். 5 முதல் 15 வரை கதவு, ஜன்னல், குழாய் இணைப்புகள் பாதிப்படையும். 15-க்கு மேல் சுவரின் பகுதிகளை இடித்துக் கட்ட நேரிடும். 25-ஐத் தாண்டினால் கட்டடத்தின் நிலைப்பே கேள்விக்குள்ளாகும். வீட்டில் தனி அளவுகோல் தேவையில்லை: ஏ.டி.எம். அட்டையின் தடிமன் 0.76 மில்லிமீட்டர் என்பதால், அது நுழையாத விரிசலை இப்போதைக்குக் குறித்து வைத்தால் போதும்; ஆறேழு அட்டைகளை ஒன்றாகச் சேர்த்தால் நுழையும் விரிசலுக்குப் பொறியாளரை அழைக்க வேண்டும். ஆயினும் அகலத்தைவிட வளர்ச்சியே பெரிய சான்று. பல ஆண்டுகளாக 4 மில்லிமீட்டரில் நின்றுவிட்ட விரிசலைவிட, மூன்று மாதங்களில் 1-லிருந்து 3 மில்லிமீட்டராக வளர்ந்த விரிசல் கவலைக்குரியது.

அடித்தளத்தோடு தொடர்பில்லாத விரிசல்கள்

எல்லா விரிசலையும் அடித்தளத்தின்மேல் ஏற்றுவது, எதையும் பொருட்படுத்தாததைப் போலவே தவறு. அச்சத்தைப் பயன்படுத்தித் தேவையற்ற வேலையை விற்பவர்களுக்கு அது இடம் கொடுக்கும். மேல்தளத்தில் கூரைக்குச் சற்றுக் கீழே கிடையாக ஓடும் விரிசல், வெயிலில் காங்கிரீட் கூரை விரிந்து சுவரைத் தள்ளுவதால் வருவது. காங்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் செங்குத்தாக விழும் நேர்கோடு, இரு பொருள்களும் வெவ்வேறு அளவில் சுருங்கி விரிவதால் வருவது. இணைப்பில் கம்பிவலை வைக்காமல் பூசியிருந்தால் இது ஏறத்தாழத் தவிர்க்க முடியாதது. பூச்சு முழுவதும் வலை பின்னியது போன்று தெரியும் நுண்விரிசல், சிமெண்ட் மிகுந்த கலவை போதிய நீராட்டல் இன்றிக் காய்ந்ததன் விளைவு. தூணிலும் பீமிலும் கம்பி செல்லும் வழியே நீளவாக்கில் வெடித்து, பழுப்புக் கறை கசிந்தால் அது உள்ளே கம்பி துருப்பிடித்ததன் அடையாளம்; இதுவும் கடுமையான நோய்தான் என்றாலும், இதன் மருத்துவம் வேறு.

கதவும் தரையும்

கதவு பிடிப்பது பலரும் முதலில் கவனிக்கும் அறிகுறி. மழைக்காலத்தில் மரம் ஈரத்தை உறிஞ்சிப் பருப்பதாலும் கதவு பிடிக்கும் என்பதால் இரண்டையும் பிரித்தறிய வேண்டும்: மரம் பருத்திருந்தால் கதவின் ஓரம் நெடுகிலும் ஏறத்தாழ ஒரே அளவில் உராயும், நிலை கோணியிருந்தால் ஒரு மூலையில் மட்டும் இடிக்க, எதிர்மூலையில் ஆப்பு வடிவ இடைவெளி தெரியும். நிலையின் எதிரெதிர் மூலைகளுக்கிடையே டேப்பால் அளந்தால் கிடைக்கும் இரு மூலைவிட்டங்களும் சமமாக இருக்க வேண்டும். பொருத்தியபோது சமமாக இருந்து, பின்னர் சில மில்லிமீட்டருக்குமேல் வேறுபட்டால் சுவர் அசைந்திருக்கிறது. ஜன்னல் கண்ணாடி யாரும் தொடாமலேயே மூலையில் கீறிக்கொள்வதும் இதே வகையைச் சேர்ந்தது.

தரையைப் பொறுத்தவரை, சுவர் இறங்குவதையும் தரை மட்டும் இறங்குவதையும் வேறுபடுத்த வேண்டும். பேஸ்மட்டத்துக்குள் கொட்டிய சவுடு மண்ணைத் தண்ணீர் விட்டு அடுக்கடுக்காகத் திமிசு போடாமல் விட்டிருந்தால், சில ஆண்டுகளில் தரை அமுங்கி, சுவரோர ஸ்கர்ட்டிங் பட்டைக்கும் டைல்ஸுக்கும் இடையே இடைவெளி விழும். சுவர்களில் விரிசல் இல்லாதவரை இது நிரப்பு மண்ணின் குறையே ஒழிய அடித்தளத்தின் குறையன்று. தரை நடுவில் மேடிட்டு, தரைமீதே எழுப்பிய தடுப்புச் சுவர் வெடித்து, டைல்ஸ் கூடாரமாக எழும்பினால், அது மண் உப்புவதைக் காட்டக்கூடும். கோலி உருட்டிப் பார்ப்பது நம்பத்தக்க சோதனையாகாது. தண்ணீர் ஓடுவதற்காகத் தரைக்குச் சரிவு கொடுத்தே போடுகிறார்கள். கொத்தனார்கள் பயன்படுத்தும் நிறமற்ற பிளாஸ்டிக் மட்டக்குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் நீர் நிரப்பி, வீட்டின் எல்லா மூலைகளிலும் ஒரே மட்டத்தில் குறிபோட்டு, ஆறு மாதம் கழித்து மீண்டும் ஒப்பிட்டால் எந்த மூலை அசைந்தது என்பது சில மில்லிமீட்டர் துல்லியத்தில் தெரிந்துவிடும்.

வீட்டைச் சுற்றி நடந்து பார்க்க

வெளியே முதலில் சாய்வது மதில்சுவர். அதன் அலைவே நிலத்தின் குணத்தை வீட்டுக்கு முன்னதாகச் சொல்லிவிடும். வாசற்படியும் போர்டிகோவும் வீட்டிலிருந்து விலகுவது, அவற்றுக்குக் கடைக்கால் மேலோட்டமாகப் போடப்பட்டிருப்பதால் நிகழ்வது. வீட்டுக்கு உடனடி ஆபத்து இல்லையெனினும், அந்த இடைவெளியின் வழியே மழைநீர் அடித்தளத்துக்கு இறங்கும் என்பதால் அடைக்கப்பட வேண்டும். பழைய வீட்டோடு பிற்பாடு சேர்த்த அறை, இணைப்பில் நேர்கோடாகப் பிரிவதும் இயல்பு. பழைய பகுதி தன் இறக்கத்தை முடித்துவிட்ட நிலையில் புதியது இப்போதுதான் இறங்கத் தொடங்குகிறது.

அடித்தளத்துக்கு அருகே நீர் எங்கே சேர்கிறது என்பதை அடுத்துத் தேட வேண்டும். கசியும் சம்ப், நிரம்பி வழியும் செப்டிக் டேங்க், மொட்டைமாடி நீரைச் சுவரடியில் கொட்டும் குழாய், குளியலறைக் கழிவு ஓடும் உடைந்த வாய்க்கால் ஆகியவை மண்ணின் ஒரு மூலையை மட்டும் ஆண்டு முழுவதும் நனைத்து வைக்கின்றன. மரங்கள் இதற்கு நேரெதிர்: சுவரையொட்டி வளரும் வேம்பும் அரசும் யூகலிப்டஸும் ஈரத்தை உறிஞ்சி மண்ணைச் சுருக்குகின்றன. வீடு கட்டும் முன்பிருந்தே நின்ற பெரிய மரத்தைத் திடீரென வெட்டினால், அதுவரை உலர்ந்திருந்த மண் ஈரம் திரும்பப் பெற்று உப்பி, அடித்தளத்தை மேலே தூக்கக்கூடும். எனவே விரிசலுக்கு மரம் காரணம் என்று தோன்றினாலும், பொறியாளரைக் கேட்காமல் கோடரி எடுக்கக் கூடாது. மரம் முழுதாக வளரும்போது எட்டக்கூடிய உயரம் எவ்வளவோ, அவ்வளவு தூரம் தள்ளி நடுவது பாதுகாப்பான பொதுவிதி.

மனையின் பழங்கதையும் தெரிந்திருக்க வேண்டும். மூடிய கிணறு, குப்பை கொட்டி நிரப்பிய பள்ளம், தூர்த்த ஊருணி ஆகியவற்றின்மீது வீட்டின் ஒரு மூலை மட்டும் உட்கார்ந்திருந்தால் அம்மூலை தனியே இறங்கும். கரிசல் அல்லாத நிலங்களிலும் இது பொருந்தும். சென்னையின் தியாகராய நகர் 1920-களில் மயிலாப்பூர் நீண்ட ஏரியைத் தூர்த்து உருவானது, முகப்பேரில் வீட்டுவசதித் திட்டமே ஏரித் திட்டம் என்று பெயர் பெற்றது. மனை வாங்கும் முன் அந்தத் தெருவின் மூத்தவர்களைக் கேட்பதும் பழைய வருவாய்த்துறை வரைபடத்தைப் பார்ப்பதும் வில்லங்கச் சான்றிதழைப் போலவே இன்றியமையாதவை. கட்டிய வீட்டை வாங்குவோர், ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதிதாக வண்ணம் அடித்திருந்தால் காரணம் கேட்க வேண்டும். அலமாரியின் உட்சுவர், பரண், மாடிப்படியின் அடிப்பகுதி ஆகியவற்றில் பூச்சுக்காரரின் கை பெரும்பாலும் எட்டியிராது.

ஓராண்டுப் பதிவு

மேற்கண்ட அறிகுறிகளுள் எதுவும் தனித்து நின்று தீர்ப்பளிப்பதில்லை. காலத்தோடு சேர்த்துப் பார்க்கும்போதே அவை பொருள் தருகின்றன. விரிசலின் இரு நுனிகளிலும் பென்சிலால் குறுக்குக் கோடிட்டு நாளைக் குறித்து, அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, மாதந்தோறும் ஒரே நாளில் அகலத்தை ஏட்டில் எழுதி வருவதே இதற்குரிய எளிய முறை. பூச்சைச் சுரண்டிவிட்டு, விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இருமுனையிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கொண்டு ஒட்டிவைப்பது பொறியாளர்களின் பழைய உத்தி. சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். கரிசல் நிலத்தில் இந்தப் பதிவு குறைந்தது ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் உள்ளடக்க வேண்டும்; கோடையில் திறந்து மழையில் அதே அளவுக்கு மூடினால் அசைவு பருவத்தைச் சார்ந்தது, ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போனால் அடித்தளம் தொடர்ந்து இறங்குகிறது.

ஓராண்டு காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. சில நாட்களுக்குள் கண்ணெதிரே விரிசல் அகலுதல், தூணின் காங்கிரீட் நொறுங்கி உதிர்தல், இரவில் சுவரிலிருந்து வெடிப்பொலி கேட்டல், தூக்குக்குண்டு கட்டிப் பார்க்கும்போது சுவர் வெளிப்படையாகச் சாய்ந்திருத்தல், அடுத்த மனையில் ஆழமாகத் தோண்டத் தொடங்கியதும் புதிய விரிசல் தோன்றுதல் ஆகியவற்றுள் எது நேர்ந்தாலும், வீட்டார் அப்பகுதியை விட்டு வெளியேறி அன்றைக்கே கட்டமைப்புப் பொறியாளரை அழைக்க வேண்டும்.

தீர்வின் வரிசை

பொறியாளர் முதலில் மண்ணைக் கேட்பார். கட்டற்ற வீக்கச் சோதனை என்பது இந்தியத் தர நிர்ணயம் 2720-இன் 40-ஆம் பகுதியில் விவரிக்கப்பட்டுள்ள எளிய முறை: சலித்து உலர்த்திய மண்ணை 10 கிராம் வீதம் இரு அளவுச் சாடிகளில் இட்டு, ஒன்றில் நீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி ஒரு நாள் வைக்கிறார்கள்; மண்ணெண்ணெயில் மண் உப்பாது என்பதால், நீரில் அது எத்தனை சதவீதம் கூடுதலாக உப்பியது என்பது மண்ணின் குணத்தைக் காட்டிவிடும். 50 சதவீதத்தைத் தாண்டும் மண்ணில் சாதாரணக் கடைக்காலை நம்பக் கூடாது.

பருவ அசைவு மட்டுமே காணப்படும் வீடுகளில், மருந்து பெரும்பாலும் நீரை நெறிப்படுத்துவதிலேயே தொடங்குகிறது: கசிவுகளை அடைத்து, மாடி நீரைக் குழாய் வழியே தொலைவில் விட்டு, வீட்டைச் சுற்றி வெளிநோக்கிச் சரியும் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் அகலச் சுற்றுத்தளம் போட்டால், சுவரடி மண்ணின் ஈரம் சீராக நிலைபெறும், விரிசலை நிரப்புவது அதற்குப் பின்னரே. தொடர்ந்து இறங்கும் வீடுகளுக்கு அடித்தளத்தைப் பகுதி பகுதியாகத் தோண்டி ஆழப்படுத்தும் கீழ்த்தாங்கல் தேவைப்படும்; அதைப் பொறியாளரின் வரைபடமின்றி மேஸ்திரியின் அனுபவத்தை மட்டும் நம்பிச் செய்வது, நிற்கும் சுவரையும் விழச் செய்யும். புதிதாகக் கட்டுவோருக்கு, ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் வளர்த்தெடுத்த குமிழடித் தூண் அடித்தளம் பல பத்தாண்டுகளாகப் பயனளித்து வருகிறது: பருவ ஈரம் மாறாத ஏறத்தாழ மூன்றரை மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, அடியில் துளையை இரண்டு முதல் இரண்டரை மடங்கு அகலமாக்கி காங்கிரீட் நிரப்புவதால், மேல்மண் எழும்பினாலும் குமிழ் தூணைக் கீழே பிடித்துக்கொள்கிறது.

கரிசல் நிலத்தில் வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும், அடுத்த முறை விரிசலைக் காணும்போது பட்டிக் கரண்டிக்கு முன் பென்சிலை எடுத்து நாளைக் குறிக்க வேண்டும். பூசுவதற்கு எப்போது வேண்டுமானாலும் நேரம் உண்டு, பூசி மறைத்த சான்றைத் திரும்பப் பெற வழியில்லை.